பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர்: எதை வாங்குவது, எதில் கை வைக்கக் கூடாது

கேள்வி இதுதான்: "பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர்களைச் சேகரிக்க ஆசை. முதலில் வாங்கிய மெஷினில் பாதி விசைகள் அடித்ததும் மேலேயே நின்றுவிடுகின்றன. ஸ்பிரே எண்ணெய் அடித்தால் சரியாகும் என்கிறார்கள். நானே பழுது பார்க்க முடியுமா? அடுத்த மெஷினை எதைப் பார்த்து வாங்குவது?"

முதலில் அந்த ஸ்பிரே டப்பாவைத் தள்ளி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பாதி விசைகள் ஒட்டிக்கொள்ளும் மெஷினில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. அழுக்குதான் காரணம். விசையை அழுத்தினால் எழுத்து பொறித்த கம்பி ஒன்று எழுந்து உருளையில் மோதுகிறது அல்லவா, அந்தக் கம்பிகள் எல்லாம் அரைவட்டமான ஓர் இரும்புக் கட்டையில் கோத்திருக்கும். அதற்கு செக்மென்ட் என்று பெயர். ஒவ்வொரு கம்பிக்கும் அதில் ஒரு பிளவு. பிளவின் அகலம் கம்பியின் தடிமனைவிட ஒரு மயிரிழைதான் கூடுதல். கம்பி கீழே திரும்புவது தன் எடையாலும் ஒரு மெல்லிய ஸ்பிரிங்காலும் மட்டுமே. பிளவுக்குள் பழைய எண்ணெய் காய்ந்து வார்னிஷ் போலப் படிந்தால் போதும், கம்பி நின்றுவிடும். அழி ரப்பர் துகள், காகிதத் தூசி, சிகரெட் புகையின் பிசின், முன்பு யாரோ நல்ல எண்ணத்தில் விட்ட எண்ணெய் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் அன்றைக்கு விசைகள் துள்ளும். அதில் உள்ள மெல்லிய திரவம் ஆவியானதும் மிஞ்சும் படலம் புதுத் தூசியைப் பிடித்துவைக்கும். சில மாதங்களில் முன்பைவிட மோசமாகிவிடும். செக்மென்ட்டுக்கு எந்த எண்ணெயும் கூடாது. சிலர் காய்ந்த கிராஃபைட் தூள் போடுவார்கள். சுத்தமான செக்மென்ட்டுக்கு அதுவும் தேவையில்லை.

சரி, சுத்தம் செய்வது எப்படி? ரிப்பனையும் ஸ்பூல்களையும் கழற்றிவிடுங்கள். உருளையின் ரப்பரையும் பெயின்ட் பூச்சையும் துணியால் மூடுங்கள். மினரல் டர்பென்டைன் அல்லது செறிவான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு பழைய பல் துலக்கி, கழிவுத் துணி போதும். பெயின்ட் கடையில் தின்னர் என்று கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள். அது பல மெஷின்களின் பூச்சையே கரைத்துவிடும். அசிட்டோன் பிளாஸ்டிக் விசைகளைத் தின்றுவிடும். ஆல்கஹால்கூட சில பழைய பூச்சுகளை மங்கவைக்கும் என்பதால் எதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் திரவங்கள் எல்லாம் தீப்பற்றக்கூடியவை. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

மெஷினின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த அழுக்கு பின்னால் இருக்கும் நுட்பமான பாகங்களுக்குப் போகாமல் முன்னால் வடியும். திரவத்தைப் பிளவுகளில் கொஞ்சமாக விட்டு, துலக்கியால் தேய்த்து, ஒவ்வொரு விசையையும் விடாமல் பல தடவை அடித்துக்கொண்டே இருங்கள். கறுப்பாக வடிவதைத் துடைத்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் எல்லா விசைகளும் அருமையாக வேலை செய்யும். மறுநாள் காய்ந்த பிறகு பார்த்தால் மறுபடியும் ஒட்டும். இங்கேதான் பலர் மனம் உடைந்து மெஷினை விற்றுவிடுகிறார்கள். உண்மையில் அழுக்கு கரைந்தது, ஆனால் முழுதாக வெளியேறவில்லை, அவ்வளவுதான். திரும்பவும் அதையே செய்யுங்கள். மோசமான மெஷின் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம்.

அத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு விசை மட்டும் அடம் பிடித்தால் அது வேறு கதை. அந்தக் கம்பியை விரலால் மெதுவாக உருளைப் பக்கம் தூக்கிப் பாருங்கள். வழி நெடுக மந்தமாக வந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் உரசினால் கம்பி வளைந்திருக்கிறது. பக்கத்துக் கம்பியோடு மோதினாலும் அப்படித்தான். வளைந்ததை நிமிர்த்துவது கைப்பழக்கத்தில் வரும் வேலை. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் அதற்கென்றே தனிக் குறடுகள் வைத்திருந்தார்கள். சாதாரணக் குறடை வைத்து முயன்றால் ஒரு எழுத்தைச் சரிசெய்யப் போய் மூன்றைக் கெடுப்பீர்கள். முதல் மெஷினில் வளைப்பு வேலையே வேண்டாம் என்பேன்.

'வேலை செய்யவில்லை' என்று விற்கப்படும் மெஷின்களில் கணிசமானவற்றில் எந்தக் குறையும் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேரேஜ், அதாவது உருளையைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நகரும் மேற்பகுதி, அசையவில்லை என்றால் முதலில் பூட்டைத் தேடுங்கள். போர்ட்டபிள் என்பது தூக்கிக்கொண்டு போகச் செய்தது. அதனால் பெரும்பாலானவற்றில் கேரேஜை நடுவில் நிறுத்திவைக்கும் சின்ன நெம்பு ஒன்று கேரேஜின் ஓரத்திலோ உடம்பின் பக்கவாட்டிலோ இருக்கும். வரியின் தொடக்கத்தையும் முடிவையும் நிறுத்தும் இடது, வலது மார்ஜின் தடுப்புகள் இரண்டும் ஒரே இடத்தில் தள்ளப்பட்டிருந்தாலும் கேரேஜ் நகராது. எழுத்தே பதியவில்லையா? ரிப்பனின் நிறம் மாற்றும் நெம்பைப் பாருங்கள். நீலம் அல்லது கறுப்பு, சிவப்பு தவிர வெள்ளைப் புள்ளி ஒன்றும் இருக்கும். அது ஸ்டென்சில், அதாவது பிரதி எடுக்கும் மெழுகுத் தாள், வெட்டுவதற்கு. அதில் இருந்தால் ரிப்பன் மேலே எழும்பவே எழும்பாது. எண் 1 இல்லாத விசைப்பலகையைப் பார்த்து ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. பழைய ஆங்கில மெஷின்கள் பலவற்றில் 1 கிடையாது; சின்ன எல் எழுத்தையே அதற்கு அடிப்பார்கள். ஆச்சரியக் குறியும் இருக்காது. மேற்கோள் குறியை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, முற்றுப்புள்ளி வைப்பதுதான் வழக்கம்.

1920-இல் வந்த ரெமிங்டன் போர்ட்டபிளில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெட்டி தட்டையாக மூட வேண்டும் என்பதற்காக எழுத்துக் கம்பிகள் படுத்த நிலையில் கிடக்கும். பக்கத்தில் உள்ள குமிழை இயக்கினால்தான் எழுந்து நிற்கும். தெரியாதவர் கையில் அது செத்த மெஷின். தெரிந்தவருக்கு அன்று நல்ல நாள்.

கேரேஜை விடுவிக்கும் நெம்பை அழுத்திக்கொண்டு கையால் தள்ளினால் அது தாராளமாக இரண்டு பக்கமும் ஓடுகிறது, ஆனால் தட்டும்போது தானாக நகரவில்லை என்றால் இழுவை நாடா அறுந்திருக்க வேண்டும். மெஷினின் பின்னால் ஒரு டப்பிக்குள் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நாடா போய் கேரேஜை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நாடா அறுந்தால் ஸ்பிரிங் ஒரே வீச்சில் அவிழ்ந்துவிடும். பின்னல் போட்ட உறுதியான தூண்டில் நூல் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு முனையை டப்பியில் கட்டி, டப்பியைச் சில சுற்று முறுக்கி, முறுக்கை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டே மறுமுனையைக் கேரேஜில் மாட்ட வேண்டும். எத்தனை சுற்று என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். வரியின் கடைசி எழுத்து வரை கேரேஜ் தயங்காமல் நகர்ந்தால் போதும். ஸ்பிரிங் மிகவும் தளர்ந்திருப்பது அந்த இடத்தில்தான் என்பதால் அங்கேதான் சோதிக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகட்டும்" என்று கூடுதலாக முறுக்காதீர்கள். விசை கனக்கும், எழுத்து தாவும். டப்பியைத் திறப்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் எஃகுச் சுருள் வெளியே சீறினால் விரலைக் கிழித்துவிடும்.

எழுத்துகளுக்கு நடுவே தேவையில்லாத இடைவெளி விழுவதும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் பார்வைக்கு ஒரே வகைக் கோளாறு மாதிரி இருக்கும், ஆனால் வேறு வேறு. கேரேஜை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் பகுதிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். நட்சத்திர வடிவில் ஒரு சின்னப் பல் சக்கரமும், அதை மாறி மாறிப் பிடித்து விடும் இரண்டு நாக்குகளும் இருக்கும். ஒரு நாக்கு அசையாதது, மற்றது ஸ்பிரிங்கில் ஆடுவது. ஆடும் நாக்கு கிரீஸ் காய்ந்து மந்தமானால் சக்கரத்தை நேரத்துக்குப் பிடிக்காது. கேரேஜ் ஓர் இடம் தாவும். எழுத்துகள் நெருங்கி ஏறினால் இழுவிசை போதவில்லை, அல்லது கேரேஜ் ஓடும் தண்டவாளம் அழுக்காக இருக்கிறது. இரண்டுக்கும் முதல் மருந்து சுத்தம் செய்வதே. தண்டவாளத்துக்கு மட்டும், துடைத்த பிறகு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடலாம். ஊசி முனையால் தொட்டு வைக்கும் அளவுதான். எஸ்கேப்மென்ட்டின் திருகுகளை மட்டும் 'சும்மா தளர்த்திப் பார்க்கலாம்' என்று தொடாதீர்கள். அந்த நாக்குகளின் இடைவெளியைத் தொழிற்சாலையில் அளவு பார்த்து வைத்திருக்கிறார்கள்.

எழுத்து ஒரே வரியில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. பெரிய எச் ஒன்று, சின்ன என் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒரு வரி அடியுங்கள். இரண்டின் அடிப்பாகமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ இருந்தால் ஷிஃப்ட் நின்றுகொள்ளும் இடத்தைத் திருத்த வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் அதற்கு நட்டுடன் கூடிய திருகுகள் உண்டு. கால் சுற்று திருப்பி, அடித்துப் பார்த்து, மறுபடி கால் சுற்று. ஒரே ஒரு எழுத்து மட்டும் ஏறி இறங்கினால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தக் கோணல் எழுத்து மெஷினின் கையெழுத்தாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவும் இரும்பு சம்பந்தப்பட்டது. இரும்பு பொறுத்துக்கொள்ளும். ரப்பர்தான் சேகரிப்பவரின் உண்மையான எதிரி. உருளையின் ரப்பர் காலம் போகப் போகக் கல்லாக இறுகும். நகத்தால் அழுத்தினால் லேசாகவாவது அமுங்க வேண்டும். இறுகிய உருளையில் சத்தம் அதிகம், காகிதம் வழுக்கும், முற்றுப்புள்ளி காகிதத்தில் ஓட்டை போடும், எழுத்தின் முகப்பும் தேயும். உடனடி நிவாரணம் எளிது: அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தடித்த தாள் வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. மேற்பரப்பு பளபளப்பாகி வழுக்கினால் மெல்லிய உப்புத்தாளால் ஒரே சீராக லேசாகத் தேய்க்கலாம். முழுத் தீர்வு வேண்டுமென்றால் பழைய ரப்பரை உரித்துவிட்டுப் புது ரப்பர் ஏற்றிக் கடைந்து தரும் நிபுணர்களிடம் அனுப்ப வேண்டும். சூட்டில் சுருங்கும் மின்கம்பிக் குழாயை உருளைமேல் போர்த்தும் வழியும் சேகரிப்பாளர்களிடையே உண்டு. அப்போது உருளையின் மொத்த விட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டம் மாறினால் வரி இடைவெளியும் மாறும், எழுத்துக் கம்பி மோதும் தூரமும் மாறும்.

உருளைக்குக் கீழே காகிதத்தை ஏந்தும் சின்ன உருளைகளையும் மறக்காதீர்கள். பல ஆண்டுகள் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்து அவற்றின் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அதனால்தான் தாள் கோணலாக ஏறுகிறது. நீண்ட நாள் எடுத்துவைக்கும் மெஷினில் காகிதத்தை விடுவிக்கும் நெம்பைத் திறந்த நிலையில் வையுங்கள்.

1950, 60-களின் மெஷின்களில் சத்தத்தைக் குறைக்க மூடியின் உட்புறம் ஃபோம் ஒட்டியிருப்பார்கள். இன்று அது பிசுபிசுப்பான கறுப்புத் தூளாகிக் கீழே செக்மென்ட்டில் கொட்டும். இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய கம்பளித் துணி ஒட்டுங்கள். அதே காலத்து ஒலிம்பியா எஸ்எம்9 போன்றவற்றில் உள்ளிருக்கும் இயந்திரம் உடம்பின்மேல் ரப்பர் வளையங்களில் உட்கார்ந்திருக்கும். வளையம் நசுங்கினால் இயந்திரம் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பிறகு ஏதோ ஒன்று எதிலோ உரசும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. புது ரப்பர் வளையம் போட்டதும் பாதிப் புகார்கள் மறைந்துவிடும். ஹெர்மஸ் 3000-த்திலும் இந்தச் சிக்கல் உண்டு.

ரிப்பன் பற்றிக் கவலையே வேண்டாம். பெரும்பாலான போர்ட்டபிள்களுக்கு அரை அங்குல அகல ரிப்பன்தான். அது இன்றும் கிடைக்கிறது. மாறுவது ஸ்பூல் மட்டும்தான். ஆகவே உங்கள் மெஷினோடு வந்த பழைய ஸ்பூலை எந்தக் காரணத்துக்காகவும் தூக்கிப் போடாதீர்கள். புது ரிப்பனை அதில் கையால் சுற்றிக்கொள்ளலாம். கை கறுப்பாகும், அவ்வளவுதான். ரிப்பன் முடிந்ததும் எதிர்த்திசையில் திரும்ப, பல மெஷின்கள் முனையில் உள்ள சிறு உலோக வளையத்தை நம்பியிருக்கும். அது இல்லாத ரிப்பன் என்றால் முனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முடிச்சுப் போடுங்கள், வேலை நடக்கும்.

வெளிப்புறத்தைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி, அப்புறம் கார் மெழுகு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொன் நிறத்தில் இருக்கும் நிறுவனப் பெயர்கள் மெல்லிய படலமாக ஒட்டப்பட்டவை; தேய்த்தால் போய்விடும். கண்ணாடி பதித்த வட்ட விசைகளில் எழுத்து அச்சிட்ட காகிதம் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஓரம் வழியாக ஈரம் இறங்கினால் கறை நிரந்தரம். புதுப் பெயின்ட் அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. உள்ளே ஒழுங்காக ஓடாத மெஷினுக்கு வெளியே இளஞ்சிவப்புப் பூச்சு அடித்து 'புதுப்பித்தது' என்று விற்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லைப் பார்த்தால் "செக்மென்ட்டைச் சுத்தம் செய்தீர்களா, உருளை எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும். விசைகளை வெட்டியெடுத்து மோதிரமும் காதணியும் செய்பவர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே என் மரியாதைக்கு நல்லது.

இனி, எதை வாங்குவது.

கையில் தூக்கிப் போகும் டைப்ரைட்டர் என்ற எண்ணம் 1893-இல் பிளிக்கன்ஸ்டர்ஃபர் காட்டிய மெஷினிலேயே இருக்கிறது. கம்பிகளுக்குப் பதில் எழுத்துகள் பொறித்த ஒரு சக்கரம், ரிப்பனுக்குப் பதில் மை உருளை. அழகான மூளை வேலை, ஆனால் முதல் மெஷினாக வேண்டாம். 1912-இல் வந்த கொரோனா 3-தான் போர்ட்டபிளை வெகுமக்களுக்குக் கொண்டுபோனது. கேரேஜ் முன்பக்கம் விசைப்பலகைமேல் மடிந்துவிடும். எடை மூன்று கிலோவை ஒட்டித்தான். முதல் உலகப் போரில் செய்தியாளர்கள் இதைச் சுமந்து போனார்கள். 28 விசைகள்தான், மூன்று வரிசை. பெரிய எழுத்துக்கு ஒரு ஷிஃப்ட், எண்களுக்கும் குறிகளுக்கும் இன்னொரு ஷிஃப்ட், ஆக 84 எழுத்துகளும் குறிகளும். அலமாரியில் வைக்க அற்புதமான பொருள். தினம் அடிக்க உட்கார்ந்தால் இரண்டு ஷிஃப்ட்டும் விரல்களைக் குழப்பும். நான்கு வரிசை விசைகளைச் சின்ன உடம்புக்குள் அடக்கியது நான் முன்பு சொன்ன ரெமிங்டன் போர்ட்டபிள். மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தன. எனவே பழுது பார்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் 1920-களின் நடுப்பகுதிக்குப் பிந்தையதைத் தேடுங்கள்.

எனக்குப் பிடித்த காலம் 1930-களின் நடுவிலிருந்து 1960-களின் நடு வரை. 1935-இல் சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் கொண்டுவந்த ஹெர்மஸ் பேபி நான்கு கிலோவுக்கும் குறைவு. அதற்கும் மெலிந்தது வேண்டுமென்றால் கிழக்கு ஜெர்மனியின் குரோமா கோலிப்ரி. மார்செல்லோ நிஸ்ஸோலி வடிவமைத்து 1950-இல் வந்த ஒலிவெட்டி லெட்டெரா 22-க்கு 1954-இல் இத்தாலியின் கொம்பாஸோ தோரோ வடிவமைப்பு விருது கிடைத்தது. 1959-இல் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம் நூறாண்டுகளின் சிறந்த வடிவமைப்புப் பொருளாக அதைத் தேர்ந்தெடுத்தது. புகழ் மிகையல்ல. ஆனால் அதன் விசைகளை முழு ஆழத்துக்குத் தட்ட வேண்டும். கணினி விசைப்பலகைபோல வருடினால் எழுத்து மங்கும். அதன் வாரிசு லெட்டெரா 32, 1963-இல் வந்தது. நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி பல பத்தாண்டுகள் அதில்தான் அடித்தார். அந்த மெஷின் 2009-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போனது. அதைப் படித்துவிட்டுத் தங்கள் லெட்டெரா 32-க்கும் அதிசய விலை சொல்பவர்கள் இருப்பார்கள். விலை மெக்கார்த்திக்குத்தான், மெஷினுக்கு அல்ல. இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட மெஷின் அது.

ஒலிவெட்டியின் சிவப்பு வாலன்டைன் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். எட்டோரே சொட்ஸாஸும் பெர்ரி கிங்கும் வடிவமைத்தது, 1969. கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. உள்ளே இருப்பது லெட்டெரா 32-இன் இயந்திரம்தான். பெட்டியைப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர் நாக்குகள் காய்ந்து பிய்ந்துபோகும். வடிவமைப்புக்காக வாங்குகிறீர்கள் என்றால் சரி. அடிப்பதற்கு என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள வேறு மெஷின்கள் இரண்டு மூன்று வாங்கலாம்.

தினமும் அடிக்க ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் 1950-களின் ஸ்மித் கொரோனாவைச் சொல்வேன். சைலன்ட், ஸ்டெர்லிங் என்று பல பெயர்களில் வந்தவை. உள்ளே கை நுழைய இடம் இருக்கிறது, கற்றுக்கொள்ள ஏற்ற மெஷின். ஒலிம்பியா எஸ்எம்3 அதைவிடத் துல்லியமாகச் செய்தது. அதன் எழுத்துப் பதிவுக்கு ஈடு குறைவு. ஆனால் ஷிஃப்ட் அழுத்தினால் கேரேஜ் முழுவதும் மேலே எழும்பும். சுண்டு விரல் அந்த எடையைத் தூக்க வேண்டும். ஸ்மித் கொரோனாவிலும் லெட்டெராவிலும் எழுத்துக் கம்பிகளின் தொகுதிதான் கீழிறங்கும், கேரேஜ் அப்படியே நிற்கும். நீண்ட நேரம் அடிப்பவருக்கு இந்த வேறுபாடு மாடலின் பெயரைவிட முக்கியம். 1958-இன் ஹெர்மஸ் 3000 வெண்ணெய் மாதிரி அடிக்கும் என்பார்கள். உண்மைதான், பழைய கிரீஸை எல்லாம் எடுத்த பிறகு. 1961 முதல் வந்த பிரதர் போர்ட்டபிள்கள் பல கடைகளின் சொந்தப் பெயரிலும் விற்கப்பட்டன. கவர்ச்சி இல்லை, ஆனால் ஓடும். பெயர் தெரியாத மெஷின் குறைந்த விலைக்கு வந்தால் உள்ளே பிரதர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் பார்க்கும்போது மாடலைவிட நிலைமையைப் பாருங்கள். எல்லா எழுத்துக் கம்பிகளும் இருக்கின்றனவா, எந்த விசையின் தலையாவது காணோமா, கேரேஜ் முழு நீளமும் ஓடுகிறதா, மணி அடிக்கிறதா, பின்நகர்த்தும் விசை பிடிக்கிறதா. மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். நான்கு காலும் படியாமல் தள்ளாடினால் கால் ரப்பர் போயிருக்கலாம், அல்லது கீழே விழுந்து சட்டம் திருகியிருக்கலாம். பின்னதைச் சரிசெய்ய முடியாது; எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். மேலோட்டமான துரு பிரச்சினை இல்லை. ஸ்பிரிங்குகளில் செதில் செதிலாகத் துரு இருந்தால் அவை தொட்டவுடன் ஒடியும். அடியில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர்கள் தொகுத்துள்ள பட்டியல்களோடு ஒப்பிட்டால் தயாரித்த ஆண்டு தெரிந்துவிடும். 'ரிப்பன் மட்டும் மாற்றினால் போதும்' என்று விற்பவர் சொன்னால், அவர் அதில் ஒரு எழுத்துகூட அடித்துப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரி அடித்த தாளின் படத்தைக் கேளுங்கள். அதிலேயே எழுத்தின் அளவும் தெரியும்: அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்றால் பைக்கா, பன்னிரண்டு என்றால் எலைட்.

கருவிகள் அதிகம் வேண்டாம். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை முனைத் திருப்புளிகள் நான்கைந்து அளவில். பொருந்தாத திருப்புளிதான் பழைய திருகுகளின் தலையைச் சிதைக்கிறது. ஸ்பிரிங்கை மாட்டவும் கழற்றவும் நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி ஒன்று. கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றாமல் செய்ய முடிந்த வேலையைக் கழற்றாமலே செய்யுங்கள். உடம்புத் தகடுகளை எடுத்தாலே முக்கால்வாசி வேலைக்கு வழி கிடைத்துவிடும்.

தூரத்திலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் பார்சல் கட்டும் விதத்தை விற்பவருக்கு நீங்களே எழுதி அனுப்புங்கள். நல்ல மெஷின்கள் சாவது பெரும்பாலும் வழியில்தான். அதன் சொந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே என்று பலர் அப்படியே அனுப்பிவிடுவார்கள். பெட்டி குலுங்கும்போது மெஷின் உள்ளேயே பிடுங்கிக்கொண்டு பெட்டியின் சுவரில் மோதும். கேரேஜை நடுவில் நிறுத்திப் பூட்ட வேண்டும். பூட்டு இல்லையென்றால் இரண்டு மார்ஜினையும் நடுவுக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். பெட்டிக்குள் மெஷின் அசையாதபடி சுற்றிலும் காகிதமோ துணியோ திணிக்க வேண்டும். அந்தப் பெட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல் அளவுக்கு மெத்தை கொடுத்து, இன்னொரு அட்டைப்பெட்டியில் இறக்க வேண்டும். 'எனக்குப் பார்சல் கட்டத் தெரியும்' என்று இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள், எந்த மாடலாக இருந்தாலும் சரி.